ஆரியசாலை லைனில் அண்ணனைத் தேடி

எட்டாம் வகுப்புக்கு இருபத்தைந்து வருடமாக வரைபடம் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறேன். திருவனந்தபுரத்தில் இறங்கிய முதல் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு முறை வழி தவறினேன்.

முதல் தடவை தப்பு என்னுடையதில்லை. ஆட்டோக்காரரிடம் ஆரியசாலை என்றுதான் சொன்னேன். அவர் காதில் அது வலியசாலை என்று விழுந்திருக்கிறது. இறக்கிவிட்ட இடத்தில் ஒட்டி ஒட்டிக் கட்டிய ஓட்டு வீடுகள், வாசல்தோறும் மாக்கோலம், உள்ளேயிருந்து யாரோ சகஸ்ரநாமம் சொல்லும் சத்தம். ஓவியர்களும் பாட்டுக்காரர்களும் குடியிருக்கும் இடம் என்று என் மகள் கார்த்திகா சொல்லி அனுப்பியிருந்தாள். அவர்கள் இவ்வளவு ஆசாரமாகவா இருப்பார்கள் என்று பையோடு விழித்துக்கொண்டு நின்றேன்.

பூக்கூடையோடு வந்த ஒரு மாமி நின்றார். "யாராத்துக்கு வந்தேள்?"

சொன்னேன்.

"அது ஆரியசாலையாக்கும். இது வலியசாலை. மெயின் ரோட்டுல ஏறி இடப்பக்கம் திரும்பி நேரே போனா மதி, கேட்டேளா."

போனால் மதி. அந்த வார்த்தை என்னை ஒரு மாதமாகப் படுத்திக்கொண்டிருந்தது. போனில் ஒரு பெண் என்னிடம், "நேரே வாங்க, வந்தா மதி" என்று சொல்லியிருந்தாள். வந்தால்தான் மதிப்பு என்று கண்டிக்கிறாளோ என்று நினைத்திருந்தேன். வந்தால் போதும் என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று வலியசாலைத் தெருமுனையில் புரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் இடப்பக்கத்துக்குப் பதில் வலப்பக்கம் திரும்பிவிட்டேன். இரண்டாவது தடவை தப்பு என்னுடையதுதான்.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் செல்வராசு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து இந்த ஊர்ச் சாலை பஜாருக்குக் காய்கறி லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். பதினாறு வருடத்துக்கு முன்னால் இங்கேயே ஒரு கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னான். அப்பா கூடாது என்றார். அண்ணன் கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்று எங்கள் வீட்டில் சொல்வோம். அப்பா இறந்தபோதுகூடச் சொல்லியனுப்ப எங்களிடம் விலாசம் இல்லை. இப்போது கார்த்திகாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் வராமல் மணையில் உட்கார மாட்டேன் என்கிறாள். எட்டு வயது வரைக்கும் அவனுடைய லாரியில் முன்சீட்டில் உட்கார்ந்து ஊர் சுற்றியவள்.

ஒரு லாரி டிரைவர் மூலம் எண் கிடைத்தது. கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள். நான் வசந்தா, அவருடைய தங்கை என்றேன். "அவருக்கு சம்சாரம் இல்ல" என்றாள். "ஆரியசாலைக்குப் பின்னால லைன்ல கேட்டா சொல்லுவாங்க. நேரே வாங்க, வந்தா மதி." கட்டிக்கொண்டவளும் போய்விட்டாள், பாவம் தனியாகக் கிடக்கிறான், இவள் பக்கத்து வீட்டுக்காரி போலிருக்கிறது என்று நினைத்து அழுதேன். கல்யாணப் பத்திரிகையோடு அவனுக்கு ஒரு வேட்டி, ஒரு சட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வந்த அன்று அந்த எண் அணைந்து கிடந்தது.

லைன் என்பது நீளமான ஒரே கட்டடம். எதிரும் புதிருமாக இரண்டு வரிசை, வரிசைக்கு இருபது கதவு. சாலை பஜாரில் மூட்டை இறக்கும் தொழிலாளிகளுக்காக ஒரு காலத்தில் கட்டியது. அவர்களுடைய பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய் ஊருக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டார்கள். காலியான அறைகளுக்குப் படம் வரைகிறவர்களும், சினிமாவில் உதவியாளர்களாக இருப்பவர்களும், கிதார் வாசிக்கிறவர்களும் வந்துவிட்டார்கள். கதவுக்கொரு நிறம் அடித்திருந்தார்கள். பழைய எண்களை எல்லாம் அழித்துவிட்டு மீன், குடை, பலாப்பழம் என்று வரைந்து வைத்திருந்தார்கள். கார்த்திகா எனக்காகப் பதிவு செய்திருந்த அறை பலாப்பழம்.

நான்கு அறைகளை வாடகைக்கு எடுத்து, வந்து தங்குகிறவர்களுக்கு விடுகிற அனகா என்ற பெண் சாவி கொடுத்தாள். முப்பது வயது இருக்கும். தலையில் பென்சில் செருகியிருந்தாள். "சேச்சி, உள்ளே பட்டி உண்டு. பேடிக்கண்டா, கடிக்கில்ல" என்றாள். எங்கள் பக்கம் பட்டி என்றால் ஊர். உள்ளே எந்த ஊர் இருக்கிறது, அது எதற்குக் கடிக்க வேண்டும் என்று குழம்பிக்கொண்டிருக்கும்போது கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கருப்பு நாய் வெளியே வந்து என் செருப்பை முகர்ந்தது.

அறைச் சுவரில் பூச்சு இல்லை. பெயர்ந்துவிட்டதோ என்று கேட்டேன். வேலை மெனக்கெட்டுச் சுரண்டி எடுத்தோம், செங்கல் தெரிந்தால் அழகு என்றாள் அனகா. எங்கள் வீட்டுச் சுவருக்குப் பூச்சு பூச வேண்டும் என்று அப்பா ஆறு வருடம் ஆசைப்பட்டார். கட்டிலுக்கு மேலே, தலைமாட்டில், மூட்டை தூக்கும் இரும்புக் கொக்கி ஒன்றை அலங்காரமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். தலையணையை எடுத்துக் கால்மாட்டில் போட்டுக்கொண்டேன்.

குளியலறை அந்தக் காலத்தில் இருந்தது போலவே லைன் கடைசியில், எல்லோருக்கும் பொது. உடைந்த ஓடுகளை ஒட்டி ஒரு கடல்கன்னி செய்திருந்தார்கள். தாழ்ப்பாள் மட்டும் செய்யவில்லை. உள்ளே இருப்பவர் பாட வேண்டும், அதுதான் தாழ்ப்பாள் என்றாள் அனகா. எனக்குப் பாட வராது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்களை வடக்கிலிருந்து தெற்காக ஒப்பித்துக்கொண்டே குளித்தேன். ஆரல்வாய்மொழி வந்ததும் வெளியே யாரோ கை தட்டினார்கள்.

அன்று சாயங்காலம் வரை அண்ணனைத் தேடினேன். லைனில் நான் கேட்ட எல்லோரும் போன வருடமும் இந்த வருடமும் வந்தவர்கள். செல்வராசு என்ற பெயரே யாருக்கும் தெரியவில்லை. "இவிடெ எல்லாருக்கும் வட்டப்பேரா சேச்சி" என்று கை விரித்தாள் அனகா. வட்டப்பேர் என்றால் பட்டப்பெயராம். சாலை பஜாரில் போய்த் தமிழ்க்கார அண்ணாச்சி ஒருவர், லாரி ஓட்டினவர் என்று கேட்டேன். அங்கே இரண்டு கடைக்கு ஒரு அண்ணாச்சி. பாத்திரக்கடை அண்ணாச்சி என்னைக் கற்பூரக்கடை அண்ணாச்சியிடம் அனுப்பினார். அவர் வாழையிலைக்கடை அண்ணாச்சியிடம் அனுப்பினார். அவர் திருநெல்வேலிக்காரர். டீ வாங்கிக் கொடுத்து, ஒட்டன்சத்திரத்து முருங்கைக்காயைப் பற்றி ரொம்ப நேரம் விசாரித்தார். திரும்பி வந்து பலாப்பழக் கதவைத் திறந்தேன். நாய் தலையணையில் படுத்திருந்தது.

மறுநாள் காலையில் புட்டும் கடலைக்கறியும் சாப்பிடப் போன இடத்தில்தான் துப்பு கிடைத்தது. பழைய மளிகைக் கிடங்கு ஒன்றைக் காபிக் கடையாக்கியிருந்தார்கள். உட்கார மரப்பெட்டிகள், காபி குடிக்க அலுமினியக் குவளைகள். வாசலோர மரப்பெட்டி ஒன்றில் உண்மையான மூட்டைத் தொழிலாளி ஒருவர், எழுபது வயதுக்காரர், தலைத்துண்டோடு உட்கார்ந்து கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தார். வருகிறவர்கள் எல்லாம் அவரைப் படமெடுத்தார்கள். அவர் எல்லோரையும் சட்டை செய்யாமல் பேப்பர் படித்தார். அவரிடம் கேட்டேன்.

"செல்வராஜோ? வண்டிக்காரன் செல்வராஜ்? ஷெட்டுல காணும்." கையை நீட்டினார். "அந்தக் கடைசில ஷெட்டு."

அங்கே இருப்பான் என்கிறார் என்று புரிந்தது. லாரி ஷெட் என்று நினைத்துக்கொண்டு போனேன். உள்ளே லாரி இல்லை. வெள்ளையடித்த பெரிய கூடம், இருட்டாக இருந்தது. நடுவில் காலிச் சாக்குகள் முப்பது நாற்பது அடுக்கி, மேலே ஒரு விளக்கு. வேறு ஒன்றும் இல்லை. அவன் வெளியே போயிருப்பான், வரட்டும் என்று சாக்கின் மேல் உட்கார்ந்தேன். காலுக்கு இதமாக இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றினேன்.

டிரிங் டிரிங் என்று சைக்கிள் மணி அடித்தது. கூடத்துக்குள் சைக்கிளா என்று திரும்பிப் பார்த்தேன். கழுத்தில் துணி சுற்றிய நரைதாடிக்காரர் ஒருவர் கையில் வெறும் மணியை மட்டும் பிடித்து அடித்துக்கொண்டே என்னை நோக்கி வந்தார். எழுந்திரு என்று கையால் காட்டினார். சுவரில் இருந்த அட்டையைக் காட்டினார். ஆங்கிலத்தில் அந்தச் சாக்குகளுக்குப் பெயர், செய்தவர் பெயர் எல்லாம் போட்டிருந்தது. நான் உட்கார்ந்தது ஒரு கலைப்படைப்பின் மேல்.

வெட்கத்தில் கோபம் வந்தது. "அதை வாயத் திறந்து சொல்லக் கூடாதா? மாட்டை ஓட்டற மாதிரி மணியடிக்கிறீங்க!" என்றேன்.

மணி நின்றது. அவருடைய உதடுகள் அசைந்தன. வசந்தா என்ற சொல் அந்த உதடுகளில் தெரிந்தது. சத்தம் வரவில்லை. கழுத்துத் துணிக்குள்ளிருந்து புஸ் என்று மூச்சு மட்டும் வந்தது.

இடது புருவத்தில் தழும்பு. நான் எறிந்த கல்லால் பட்டது. அண்ணன்தான்.

என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. அவன் என் கையைப் பிடித்தான், விட்டான், தாடியைத் தடவினான். "ஏண்ணே பேச மாட்டேங்கிற?" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். இன்னும் கோபம் தீரவில்லையோ என்றுதான் நினைத்தேன். அப்போது தூக்குச்சட்டியோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். என் வயது இருக்கும். குரலைக் கேட்டதும் போனில் பேசியவள் என்று தெரிந்துவிட்டது.

"டீச்சர் வந்தாச்சா! எனக்க போன் அரிசி கழுவின தண்ணில விழுந்து போச்சு, அதாக்கும் கிட்டாதது. நான்தான் போன்ல சொன்னேனே, இவருக்கு சம்சாரம் இல்லண்ணு."

"நீங்க யாருங்க?"

"நான் ஸ்டெல்லா. இவருக்க வீட்டுக்காரி."

சம்சாரம் இல்லாதவருக்கு வீட்டுக்காரி எப்படி? அப்படியே கேட்டுவிட்டேன். அவள் ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். பிறகு புரிந்துகொண்டாள். மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையை எடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. கழுத்தில் ஒரு துவாரம், அதன் வழியாகத்தான் மூச்சு. லாரியை விட்டுவிட்டு இப்போது இந்தக் கூடத்துக்குக் காவல். போனில் அவள் எனக்குச் சொன்னது பேச்சு இல்லை என்பதைத்தான். என் காதில் விழுந்தது மனைவி இல்லை என்று.

"அப்போ எனக்கு ஒண்ணும் கொண்டு வரல்லியா?" என்று கேட்டாள் ஸ்டெல்லா. வேட்டி சட்டையை மட்டும் எடுத்துக் காட்டினேன். அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்துத் தள்ளாடி அந்தச் சாக்குகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் மணியை அடித்தான்.

மூன்றாம் நாள் காலையில் ஸ்டெல்லாவோடு சாலை பஜாருக்குப் போனேன். அவளே ஒரு பச்சைச் சேலை தேர்ந்தெடுத்தாள். பாறசாலைப் பக்கத்துக்காரி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். அந்த நாளில் மூட்டைத் தொழிலாளிகளுக்குச் சமைத்துப் போட்டாள். இப்போது கிதார்காரர்களுக்குச் சமைத்துப் போடுகிறாள். "அவங்க நிறைய தின்னுவாங்க, இவங்க நிறைய போட்டோ எடுப்பாங்க. அம்புட்டுதான்" என்றாள். போகிற வழியில் மஞ்சளாக ஒரு போளியும் அதன் மேல் பாயசமும் வாங்கிக் கொடுத்தாள். எங்கள் ஊரில் இரண்டையும் தனித்தனியாகத்தான் சாப்பிடுவோம். இங்கே பாயசத்துக்குள் போளியைக் குழைத்துச் சாப்பிடுகிறார்கள். முதல் வாய் தப்பாகத் தோன்றியது. மூன்றாவது வாயில் இதுவரை நாங்கள்தான் தப்பாகச் சாப்பிட்டிருக்கிறோம் என்று பட்டது.

அவர்களுடைய அறை லைனில் பத்தாவது கதவு. கதவில் லாரி வரைந்திருந்தது. இதை முதல் நாளே நான் நான்கு முறை தாண்டிப் போயிருக்கிறேன். மத்தியானம் கப்பையும் மீன்குழம்பும் வைத்தாள் ஸ்டெல்லா. அண்ணன் அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து எழுதி என்னிடம் நீட்டினான்.

'புளி ஜாஸ்தி. ஒன்றரை வருசமா சொல்ல முடியல.'

"என்ன எழுதினாரு?" என்றாள் ஸ்டெல்லா.

அப்போதுதான் விஷயம் விளங்கியது. அண்ணனுக்குத் தமிழ் மட்டும்தான் எழுத வரும். ஸ்டெல்லாவுக்கு மலையாளம் மட்டும்தான் வாசிக்க வரும். இரண்டு பேரும் பேசியே குடித்தனம் நடத்தியவர்கள். எழுத வேண்டிய அவசியமே வந்ததில்லை. எழுதியதை வாசித்துக் காட்டும் போன் ஒன்றை லைன் பிள்ளைகள் ஏற்பாடு செய்தார்களாம். அது செய்தி வாசிக்கிற பெண் குரலில் பேசியது. அண்ணன் இரண்டு நாளில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லலாம். ஆனால் வீட்டு விஷயத்தை ஊரார் வாயில் எப்படிப் போடுவது?

நான் வாசித்துச் சொன்னேன்.

"புளியா! பின்ன ஏன் ரெண்டு தடவ வாங்கி வாங்கித் தின்னாரு?"

அண்ணன் எழுதினான். "பசி" என்று வாசித்தேன்.

ஸ்டெல்லா சிரித்தாள். அவன் அதற்குப் பிறகு நிறுத்தவில்லை. ஓடு ஒழுகுகிற இடம் அவள் நினைக்கிற இடமில்லை, வேறு இடம் என்று எழுதினான். பச்சைச் சேலை நன்றாக இருக்கிறது என்று எழுதினான். அப்புறம் பக்கத்தைத் திருப்பி மெதுவாக எழுதினான். 'ஆஸ்பத்திரியில தினமும் வெளிய போய் அழுதுட்டு முகம் கழுவிட்டு வருவ. எனக்குத் தெரியும். தெரியும்னு சொல்லணும்னு இருந்தேன்.' அதை அவள் முகத்தைப் பார்க்காமல் வாசித்தேன். அவள் எழுந்து போய் ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை மறுபடியும் கழுவினாள்.

பத்திரிகையை எடுத்து வைத்து, இருவரும் வர வேண்டும் என்று அழைத்தேன். அண்ணன் பத்திரிகையில் கார்த்திகா பெயரை விரலால் தொட்டான். பிறகு எழுதினான். 'நான் வரல.'

அதையும் வாசிக்க வேண்டியிருந்தது.

"வரல்லியா? தாய்மாமன் வராம எப்படி? எனக்க வீட்டு ஆளுங்கள விட்டுட்டு நானும்தான் வந்தேன். எனக்கு ஆருமே இல்லாம போணுமா?" என்றாள் ஸ்டெல்லா.

'உனக்கு என்ன தெரியும், நீ சும்மா இரு' என்று எழுதி அடிக்கோடு போட்டான். வாசித்தேன்.

"டீச்சரே, நீங்க எதுக்கு எங்கிட்ட இம்புட்டு கோவப்படுறீங்க?"

"நானில்லைங்க, அண்ணன் அடிக்கோடு போட்டிருக்கான்."

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஒரு புருசனும் பெண்டாட்டியும் ஒன்றரை வருடமாகப் போடாமல் வைத்திருந்த சண்டையைப் போட்டார்கள். புருசனுடைய பங்கை நான் கத்தினேன். அவன் எழுதுகிற வேகத்துக்கு எனக்கு மூச்சு வாங்கியது. ஒரு கட்டத்தில் 'வாயை மூடு' என்று ஸ்டெல்லாவைப் பார்த்து அவன் சார்பில் சொல்லிவிட்டு, நானே அவளிடம் மன்னிப்பும் கேட்டேன். பக்கத்து அறையில் கிதார் நின்றுபோயிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் மலையாளத்தில், ஸ்டெல்லா அக்கா சொல்வதுதான் சரி என்று கூவியது. அண்ணன் நோட்டை மூடி வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போய்விட்டான்.

நாலாம் நாள் காலையில் எனக்கு ரயில். பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். கார்த்திகாவிடம் என்ன சொல்வது, அவன் எதனால் மறுக்கிறான் என்று ஒன்றும் விளங்கவில்லை. கதவைத் தட்டினார்கள். அண்ணன் நோட்டோடு நின்றான். பின்னால் ஸ்டெல்லா. அனகாவின் நாய் இருவர் காலையும் முகர்ந்தது. அண்ணன் என் கட்டிலில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்து நீட்டினான். இரண்டு பக்கம் நிறைய எழுதியிருந்தது.

முதல் வரிகளை மனதுக்குள் படித்தேன். ஸ்டெல்லா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிலதை விட்டுவிட்டு வாசித்தால் அவளுக்குத் தெரியப் போவதில்லை.

"முழுசும் வாசிங்க டீச்சரே" என்றாள்.

வாசித்தேன்.

"வசந்தா, அன்னைக்கு நான் போன் பண்ணி ஸ்டெல்லாவக் கட்டிக்கப் போறேன்னு சொன்னேன். எங்களுக்காக அப்பாகிட்டப் பேசுன்னு கேட்டேன். ரொம்ப நேரம் நானே பேசினேன். நீ ஒரு வார்த்தை பேசல. போன் கட்டாயிருச்சோன்னு அலோ அலோன்னு கத்தினேன். நீ மூச்சு விடுறது மட்டும் கேட்டுச்சு. இப்ப நான் மேடையில வந்து ஊமையா நின்னா, அன்னைக்கு நீ செஞ்சதத் திருப்பிச் செய்யறேன்னு நினைப்ப. பாப்பா கல்யாணத்துல உனக்கு அந்த நினைப்பு வரக் கூடாது. அதனாலதான் வரலன்னேன். எனக்குக் கோபம் இல்ல. கோபம் இல்லன்னு எப்படிக் காட்டறதுன்னு தெரியல."

வாசித்து முடித்தேன். என்னைக் குற்றம் சொல்கிற சொற்களை என் குரலிலேயே கேட்பது எப்படி இருக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

"அப்பா பக்கத்துல நின்னுட்டிருந்தார்..." என்று ஆரம்பித்தேன். பதினாறு வருடமாக என் கணவரிடமும் என்னிடமும் நான் சொல்லிவருவது அதுதான். அந்த இடத்தில் நிறுத்தினேன்.

"இல்லண்ணே. அப்பா அன்னைக்குக் களத்துல இருந்தார். வீட்டுல நான் மட்டும்தான். பேசியிருக்கலாம். உனக்காகப் பேசினா அப்பா என்னையும் வெறுத்துருவாரோன்னு பயந்தேன். அண்ணி, உங்களுக்கும் சேர்த்துத்தான் நான் அன்னைக்கு வாயத் திறக்கல."

அண்ணி என்று அப்போதுதான் முதல் தடவையாகக் கூப்பிட்டேன். ஸ்டெல்லா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சரி, விடுங்க. வெள்ளம் குடிங்க" என்று சொம்பை நீட்டினாள். குடித்தேன். கட்டிலில் மூன்று பேர் வரிசையாக, பேருந்துக்குக் காத்திருக்கிறவர்கள் போல உட்கார்ந்திருந்தோம்.

அண்ணன் என் மடியிலிருந்து நோட்டை எடுத்தான். ஒரே ஒரு வரி எழுதினான். என்னிடம் தந்தான்.

பழக்க தோஷத்தில் ஸ்டெல்லாவைப் பார்த்து உரக்க வாசித்தேன். "முகூர்த்தம் எத்தனை மணிக்கு?"

ஸ்டெல்லா என்னையே பார்த்தாள். அண்ணனும் என்னையே பார்த்தான். கேள்வி எனக்கு என்று அப்புறம்தான் உறைத்தது.

"ஏழரைக்கு மேல ஒம்பதுக்குள்ள" என்றேன். "மாமன் சீர் ஆறு மணிக்கே. முந்தின நாளே வந்துரு."